வகுப்பறை கடிகாரத்துக்கு மணி தெரியுமா?

அமெரிக்காவின் பழைய பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில் எல்லா வகுப்பறைக் கடிகாரமும் ஒரே வயரில் இணைஞ்சிருக்கும். ஆனா அதுக்கெல்லாம் சொந்தமா மணி தெரியாது. ஆபீஸ்ல இருக்கிற மாஸ்டர் கிளாக் நிமிஷத்துக்கு ஒரு மின் துடிப்பு அனுப்பும். உடனே முள் ஒரு நிமிஷம் நகரும். அவ்வளவுதான்.

சிக்கல் இங்கேதான். அந்தத் துடிப்பு “மணி 10:15”னு சொல்றதில்லை. “ஒண்ணு கூட்டிக்கோ”ன்னு மட்டும்தான் சொல்லுது. ஒண்ணு தவறினா, யாராவது திருத்துற வரைக்கும் கடிகாரம் பின்தங்கியே ஓடும். ஐபிஎம் இதுக்காகவே மணிக்கொரு தடவை தானா திருத்துற வசதியைச் சேர்த்தது.

2007-ல் அமெரிக்கா கோடைகால நேர மாற்றத் தேதிகளை மாற்றியது. பழைய தேதிகளை உள்ளேயே பதிச்சு வச்சிருந்த கடிகாரங்கள் அப்போ தப்பான நாள்ல மாறின.

புது நெட்வொர்க் கடிகாரங்கள் என்.டி.பி. சர்வர்கிட்ட “இப்போ மணி என்ன?”னு அடிக்கடி கேட்டுக்கிட்டே இருக்கும். நடுவுல கரண்ட் போனாலும், திரும்ப வந்ததும் தானா சரியாகிடும்.

அப்போ பழசை எல்லாம் தூக்கிப் போடணுமா? அவசியமில்லை. வயரும் கடிகாரமும் நல்லா இருந்தா, ஜிபிஎஸ்ல நேரம் எடுத்து அதே துடிப்பை அனுப்புற புது மாஸ்டரே போதும். எல்லாமே புதுசுன்னா, அது பொதுவான என்.டி.பி.யில் ஓடுமா, இல்ல அந்தக் கம்பெனி சர்வரை மட்டும்தான் நம்பணுமான்னு முதல்ல கேளுங்க.

பரீட்சை அன்னைக்கு ரெண்டு அறையில ரெண்டு நேரம் காட்டினா, நஷ்டம் மாணவருக்குத்தான்.