பச்சை தின்று மிஞ்சிய சிவப்பு

பச்சையம் கொண்டு உணவு சமைக்கும் உயிர்களுக்கு ஒளியில் ஓர் எல்லை உண்டு என்று நெடுங்காலம் பாடம் நடத்தப்பட்டது. அந்த எல்லை 700 நானோமீட்டர் அலைநீளம். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஏறக்குறைய முடிகிற இடம். அதைத் தாண்டி 750 வரை நீளும் தூரச் சிவப்பில் ஒளித்துகளின் ஆற்றல் குறைவு, தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனைப் பிரிக்க அது போதாது என்பது கணக்கு. கடலோரத்தில் வாழும் சில சயனோபாக்டீரியாக்கள், அதாவது நீலப்பசும்பாசிகள், அந்தக் கணக்கைத் திருத்த வைத்தன.

தூரச் சிவப்பைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் கூடத்தின், பின்சுவரில் குழாய் கசிந்து, எந்நேரமும் ஈரம் காயாத இடத்தில் கரும்பச்சையாக வழுவழுவென்று பாசி படிந்திருக்கும். நகத்தால் கீறினால் தகடுபோல் பெயர்ந்து வரும். கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த மெல்லிய தகட்டுக்குள்ளேயே மேலே இருக்கும் செல்கள் நீலத்தையும் சிவப்பையும் தின்று தீர்த்துவிடுகின்றன. அடியில் கிடக்கும் செல்லுக்கு வந்து சேர்வதில் பெரும்பங்கு, பச்சையம் தொடாமல் விட்ட தூரச் சிவப்பு. அடர்ந்த மாந்தோப்பின் நிழலிலும் இதே கதைதான்.

இந்த மிச்சத்தை உண்ணும் உயிர் 1993-ல் பசிபிக் கடலின் பலாவ் தீவுகளில் கிடைத்தது. அசிடியன் என்னும் பை போன்ற கடல் உயிரியிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர் மியாஷிதாவும் குழுவினரும் அதைப் பிரித்தெடுத்து, 1996-ல் உலகுக்கு அறிவித்தனர். பெயர் அகாரியோக்ளோரிஸ் மரினா. அதன் பச்சையத்தில் மிகப் பெரும்பகுதி குளோரோஃபில் டி என்ற வகை. இந்த நிறமியை மானிங், ஸ்ட்ரெய்ன் என்ற இருவர் 1943-லேயே செம்பாசிச் சாற்றில் கண்டிருந்தார்கள். அதனால் அது செம்பாசியின் நிறமி என்றே அரை நூற்றாண்டு நம்பப்பட்டது. செம்பாசியின் மேல் ஒட்டி வாழ்ந்த அகாரியோக்ளோரிஸின் நிறமிதான் அது என்பது 2004-ல் தெளிந்தது. வீட்டுக்காரர் பெயரில் குடித்தனக்காரரின் சொத்து எழுதப்பட்டிருந்தது போல.

2010-ல் இன்னொன்று சேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில், ஸ்ட்ரோமடோலைட் எனப்படும் பாசிப் பாறைகளிலிருந்து மின் சென் குழுவினர் குளோரோஃபில் எஃப்-ஐக் கண்டெடுத்தனர். சாதாரண குளோரோஃபில் ஏ-யின் வளையத்தில் ஒரே ஒரு பக்கக் கிளை மாறி ஃபார்மைல் தொகுதி அமர்ந்தால் டி. அதே தொகுதி பக்கத்து இடத்தில் அமர்ந்தால் எஃப். இவ்வளவு சிறிய மாற்றம் உறிஞ்சும் ஒளியை 700-க்கு அப்பால் தள்ளிவிடுகிறது.

இரண்டும் வாழும் விதம் வேறு. அகாரியோக்ளோரிஸ் எந்நாளும் டி-யை நம்பியே இருக்கிறது. எஃப் உள்ளவை வெயிலில் சாதாரணப் பாசியாகவே இருந்து, நிழல் விழுந்தால் மட்டும் மாறுகின்றன. தூரச் சிவப்பை உணரும் ஒரு புரதம் சுமார் 20 மரபணுக்களை எழுப்ப, ஒளியைப் பிடிக்கும் அமைப்பே புதிதாகக் கட்டப்படுகிறது. அப்போதும் மொத்தப் பச்சையத்தில் எஃப் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் கொஞ்சம் வெறும் ஒளி வாங்கியாக நிற்காமல், வேதிவினை நடக்கும் மையத்திலேயே வேலை செய்கிறது என்று 2018-ல் க்ரோகோக்சிடியோப்சிஸ் என்ற இனத்தைக் கொண்டு காட்டினார்கள். இந்த வரலாற்றில் மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

ஏன் கடலோரம்? தண்ணீரே தூரச் சிவப்பைக் குடித்துவிடும். 720 நானோமீட்டர் ஒளியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 1 மீட்டர் ஆழத்துக்குள் கரைந்துபோகும். ஆகவே ஆழ்கடலில் இந்த உயிர்களுக்குப் பிழைப்பில்லை. அலை வந்து போகும் விளிம்பு, அசிடியனின் அடிப்பக்கம், ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் இருப்பது போன்ற கடற்கரைப் பாறையின் உட்பகுதி, இவையே கடலில் அவற்றின் வீடு: வெயில் அருகில், ஆனால் மேலே ஒரு பச்சைக் கூரை.

கடலுக்கு வெகு தொலைவில் இருக்கும் ராணிப்பேட்டையிலும் பாசிக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. அங்கே ஸ்நாப் என்ற ஆலை கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறது. அதன் கழிவு நீர் அமிலத்தன்மை உடையது. சென்னை விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த வி. சிவசுப்பிரமணியன் குழுவினர் க்ரோகோகஸ் டர்ஜிடஸ் என்ற நீலப்பசும்பாசியை அந்த நீரில் வளர்த்து, பெரிய அளவில் சீர்செய்ததை 2009-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள அமிலம் தணியும். காரம் கொட்டிச் சரிக்கட்டும் செலவு குறையும். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டை 1996-ல் உச்ச நீதிமன்றமே விசாரித்த இந்த வட்டாரத்தில், ஓர் உயிரைக் கொண்டு கழிவு நீரைத் தேற்றிய இந்த முயற்சி இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டியது.

இப்படிக் கழிவு நீரில் பாசி வளர்க்கும் தொட்டிகள் ஆழம் குறைவாகவே கட்டப்படுகின்றன. நீரையும் கலக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாசி அடர்ந்ததும் மேல்செல்கள் கீழ்செல்களுக்கு நிழலாகிவிடும் என்பதே காரணம். தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிப் பழுப்பேறிய நீர் என்றால் நீல ஒளி இன்னும் சீக்கிரம் போய்விடும், சிவப்புப் பக்கமே மிஞ்சும். பச்சையத்தின் எல்லை 700-லிருந்து 750-க்கு நகர்ந்தால் பயன்படும் ஒளித்துகள்கள் சுமார் 19 விழுக்காடு கூடும் என்பது மின் சென், பிளாங்கன்ஷிப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011-ல் போட்ட கணக்கு. குளோரோஃபில் எஃப்-ஐ உருவாக்கும் மரபணு 2016-ல் அடையாளம் காணப்பட்டது. அதை வேறு பாசிகளிலும் பயிர்களிலும் சேர்த்து, நிழலில் கிடக்கும் செல்லையும் இலையையும் உழைக்க வைப்பதே இத்துறை ஆய்வாளர்களின் நோக்கம்.