மே மாதத்தில் நாலு வாரக் கணக்குப் பள்ளி



நம் மலையிலிருந்து கீழே இறங்கி, நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். "கணக்குப் படிச்சு என்ன செய்யப் போறா? டீச்சர் வேலை கிடைச்சா சரி, இல்லாட்டி கட்டிக்கொடுக்க வேண்டியதுதான்" என்ற பேச்சும் நம் குழுக் கூட்டங்களில் காதில் விழுகிறது. அப்படி ஒரு பிள்ளை, "அம்மா, லீவுல நாலு வாரம் வெளியூர்ல கணக்கு வகுப்பு, போகட்டுமா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அது என்ன வகுப்பு என்று தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்!

அதற்குப் பெயர் எம்.டி.டி.எஸ். கணிதப் பயிற்சியும் திறமை தேடலும் என்று பொருள். மும்பைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த எஸ். குமரேசன் 1993-ல் தொடங்கியது. மத்திய அரசின் அணுசக்தித் துறை அமைத்த தேசிய உயர் கணித வாரியம் இதற்குப் பணம் கொடுத்து வந்திருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் நாட்டின் சில ஊர்களில் நடக்கும். கல்லூரியில் எந்த வருடம் படிக்கிறார்களோ அதற்கேற்பப் பிரிவுகள் உண்டு. பல மாநிலப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கிப் படிப்பார்கள்.

இது டியூஷன் இல்லை, பரீட்சைக்குத் தயார் செய்யும் இடமும் இல்லை. பின்னே என்னதான் செய்வார்கள்? நம் வாசல் கோலத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் போடுகிறோம். மேலிருந்து 1, 3, 5, 7 என்று புள்ளி வைக்கிறோம். அந்தப் பாதியை மட்டும் எண்ணினால் 16. அது நாலு நாலு 16. ஒன்பது வரை வைத்தால் 25, அதாவது ஐயைந்து 25. பதினொன்று வரை வைத்தால் 36, ஆறாறு. எப்போதும் இப்படியே வருமா? நம் கல்லூரிகளில் பெரும்பாலும், 'ஆமாம், இதுதான் சூத்திரம், எழுதிக்கோ' என்பதோடு முடிந்துவிடும். அந்தப் பள்ளியில், 'ஏன் வருது? நூறாவது வரிசையிலும் வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?' என்று விடாமல் கேட்பார்கள்.

புளியங்கொட்டையை எடுத்து நாமே பார்க்கலாம். ஒரு கொட்டையை மூலையில் வையுங்கள். அதன் பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று, கோணத்தில் ஒன்று, ஆக மூன்று வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதைச் சுற்றி அதே இரண்டு பக்கமும் இன்னும் ஐந்து வைத்தால் மூன்றுக்கு மூன்று. ஒவ்வொரு தடவையும் பக்கத்துக்கு ஒன்று கூடுகிறது. இரண்டு பக்கம் என்பதால் முன்னே வைத்ததைவிட இரண்டு கொட்டை அதிகம் வேண்டும். அதனால்தான் 1, 3, 5, 7 என்று போகிறது, சதுரமும் கெடாமல் வருகிறது. நூறு வரிசை வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. இப்படிக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கணிதம் என்பது அந்தப் பள்ளியின் முறை. பாடம் இதைவிடப் பெரியதாக இருக்கும், கேள்வி இதுவேதான்.

கரும்பலகைக்குப் பிள்ளையே வந்து எழுத வேண்டும். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, எந்த இடத்தில் தப்பு என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். சாயங்காலம் கொடுத்த கணக்கை ராத்திரி விடுதியில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மனப்பாடம் செய்தே முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. முதல் வாரம் அழுதுகொண்டு போன் வந்தால் உடனே 'திரும்பி வந்துடு' என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொரு கஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம். பாடம் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகளுக்குக் கணக்கு புரியும், வாய்தான் திறக்காது. எழுந்து கேள்வி கேட்காதவர்களுக்கு அங்கே பாதிப் பலன்தான். குழுவில் முதல் தடவை எழுந்து பேச நாம் பட்ட பாடு நமக்குத் தெரியாதா? அதைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பலாம்.

பண விஷயத்துக்கு வருவோம். தேர்வாகும் மாணவர்களுக்குத் தங்கும் இடமும் சாப்பாடும் இலவசமாகவும், ரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைக் கட்டணமும் கொடுத்து வந்திருக்கிறார்கள். அந்தந்த வருட அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் டிக்கெட்டை முதலில் நாம்தான் எடுக்க வேண்டியிருக்கும். கைச்செலவு, துணி, சேலம் ஜங்ஷன் போய்ச் சேரும் பஸ் செலவு எல்லாம் தனி. மே மாதம் பலாப்பழம் வரும் காலம், வீட்டில் கைவேலைக்கு ஆள் வேண்டும் என்பதும் உண்மைதான். இந்தச் சின்னத் தொகைக்குக் கந்துக்காரரிடம் போக வேண்டாம், குழுவின் உள்கடனிலேயே கொடுக்கலாம்.

பணம் நின்றால் படிப்பும் நிற்கும். 1887-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், நம் நாமக்கல் நாமகிரித் தாயாரைக் கும்பிட்ட குடும்பத்துப் பிள்ளை. கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். அவ்வளவு பெரிய மேதைக்கே அந்தக் கதி.

போய் வந்தால் என்ன கிடைக்கும்? வேலை உத்தரவு கிடைக்காது. எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று மேலே படிக்கலாம், அதற்கு உதவித்தொகை உண்டு, சென்னை தரமணியிலும் சிறுசேரியிலும் கணிதத்துக்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன என்ற விவரம் கிடைக்கும். இதைச் சொல்ல நம் ஊரில் ஆள் இல்லையே! சுஜாதா ராமதுரை என்ற கணித அறிஞர் எம்.எஸ்சி. படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், அஞ்சல் வழியில். பிறகு மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி. முடித்தார். 2006-ல் ராமானுஜன் பரிசு என்ற உலகப் பரிசை வாங்கினார். அஞ்சல் வழியில் படித்தவர் அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார்.

விண்ணப்பம் கோடைக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். அதனால் பொங்கல் கழிந்ததுமே பிள்ளையைக் கல்லூரிக் கணிதத் துறையில் விசாரிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியல் நகலும், பாடம் நடத்தும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் தேவைப்படும். கடிதம் கேட்கக் கூச்சப்பட்டால் அம்மாவும் கூடப் போகலாம். பெண்களுக்கு எந்த விடுதி, பொறுப்பாளர் யார், போன் நம்பர் என்ன என்பதை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புங்கள். கணிதம் படிக்கும் பிள்ளை உள்ள குழுக்கள், ஊக்குநர் மூலம் பிள்ளையின் பெயரையும் படிக்கும் வருடத்தையும் தை மாதக் கூட்டத்தில் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட கூட்டமைப்பு அலுவலகத்தில் நாங்கள் உதவுகிறோம்.