மாவும் ஒரு தூசியே

எங்கள் ஊர் பூதிகோட்டை. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்களில் ஒரு வரி வரும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பக்கத்திலிருக்கும் கோலார் தங்கவயலைத்தான் எல்லாரும் அறிவர். அங்கே தூசியின் கொடுமை குழந்தைக்கும் தெரியும். 1940 முதல் 1946 வரை சுரங்கத் தொழிலாளர் 7,653 பேரைச் சோதித்தார்கள். 100-க்கு 40-க்கு மேற்பட்டவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்தது. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் துகள் உள்ளே தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். அந்தத் தழும்பு மறைவதில்லை.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. இப்போது எங்கள் பக்கத்து இளைஞர் பலர் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றனர். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். ரொட்டியும் பிஸ்கோத்தும் செய்யும் ஆலை ஒன்றில் மாவு மூட்டைகளைப் பிரித்து இயந்திரத்தில் கொட்டும் வேலை. "கல்லுத் தூசி இல்லையே, தின்கிற மாவுதானே!" என்று அம்மா நிம்மதியடைந்தார். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

இரண்டு ஆண்டு சென்றது. முதலில் மூக்கொழுகலும் கண் அரிப்பும் வந்தன. பிறகு இருமல், இரவில் மூச்சு இழுப்பு. மார்கழிப் பனி என்றார்கள். பனி போயிற்று, இழுப்புப் போகவில்லை. விந்தை என்னவென்றால், பொங்கலுக்கு நான்கு நாள் வீட்டிலிருந்தபோது அண்ணன் நன்றாக உறங்கினார்!

நண்பர்களே, நோயைக் காட்டிக்கொடுப்பது இந்த விடுமுறைதான். ரொட்டி சுடுவோரின் இருமலையும் இழுப்பையும் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இலேயே எழுதிவைத்தார். இன்று அதற்கு 'ரொட்டித் தொழிலாளர் ஆஸ்துமா' என்று பெயர். மாவு சிலிக்காவைப்போல் நுரையீரலில் தழும்பு உண்டாக்குவதில்லை. அதன் வழி வேறு. கோதுமையிலுள்ள புரதத்தை நம் உடல் பகையாகக் கருதி, அதற்கென்று எதிர்ப்பொருளைச் செய்துகொள்கிறது. இதற்குச் சில மாதமோ சில ஆண்டோ ஆகலாம். அதன்பின் சிறிதளவு மாவு மூக்கில் ஏறினாலும் மூச்சுக்குழல் சுருங்கும். ரொட்டி மென்மையாக வரும்பொருட்டு மாவில் சேர்க்கும் ஆல்ஃபா அமிலேஸ் என்னும் நொதியும், பூஞ்சையிலிருந்து எடுப்பது, இதே தீங்கைச் செய்யும். ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் அதே ரொட்டியை யாதொரு துன்பமுமின்றித் தின்னலாம்! வயிற்றுக்கு உணவாவது மூச்சுக்கு நஞ்சாகிறது.

மாவுத் தூசிக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றில் அடர்ந்து பரவினால் ஒரு பொறியில் வெடிக்கும். 1878-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மாவு ஆலை ஒன்று வெடித்து 18 பேர் மாண்டனர்.

சரி, தடுப்பது எப்படி? அண்ணன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்கிறார். அதனால் பெரும்பயன் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி இருந்தார். "கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நிற்கும் தம்பி, தெரியாததுதான் நெஞ்சுக்குப் போகும்" என்பார். எந்த நூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. சுரங்கங்களில் துளையிடும் இடத்திலேயே தண்ணீரைப் பாய்ச்சித் தூசியை அடக்குவது வழக்கம். மாவில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஆகவே கொட்டும் வாயருகே உறிஞ்சு குழாய் வைக்கவேண்டும். தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் உறிஞ்சவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்லியிருந்தது. மூட்டையை உயரத்திலிருந்து உதறாமல் தாழ்த்தி மெல்லக் கொட்டினால் பாதித் தொல்லை குறையும். இதற்குச் செலவும் இல்லை. மாலையில் துடைப்பத்தால் பெருக்குவதும், அழுத்தக் காற்றை அடித்துத் துப்புரவு செய்வதும் படிந்த தூசியை மறுபடி எழுப்புவதேயாகும். ஈரத்துணியோ வடிகட்டியுள்ள உறிஞ்சு கருவியோ வேண்டும்.

காலம் தாழ்த்தலாகாது. நோயை முன்னரே கண்டு மாவைவிட்டு விலகியோர் தேற வாய்ப்பு மிகுதி. நெடுநாள் இருந்துவிட்டால் வேலையை விட்டபின்னும் இழுப்பு விடாமல் போகலாம்.

சென்றமுறை ஊருக்குப் போனபோது, ஊதி மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை அண்ணனிடம் கொடுத்தேன். நாளைக்கு நான்கு வேளை ஊதி, எண்ணை நோட்டில் குறிக்கவேண்டும். மூன்று வாரக் கணக்கு ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை எண் ஏறுகிறது. புதன், வியாழனில் இறங்குகிறது. அடுத்த விடுமுறையில் நோட்டோடு மருத்துவரிடம் போகிறோம். ஆலையில் அண்ணன் இன்னும் வாய்திறக்கவில்லை. மூட்டை கொட்ட வேறு ஆள் கிடைப்பான் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிடுவாரோ என்று பயப்படுகிறார்.