72 மணித்தியாலம்

மாதர் வாழ்விலே வாய்விட்டுக் கேட்க இயலாத ஐயங்கள் சில உண்டு. ஆணுறை கிழிந்துவிட்டது, நாள்தோறும் உண்ணும் குளிசை மறந்துபோயிற்று, அல்லது பாதுகாப்பேதுமின்றியே உடலுறவு நிகழ்ந்துவிட்டது. மடியிலே கைக்குழந்தை, இன்னொரு கருவைத் தாங்க உடலில் வலுவில்லை. இந்நிலையில் ஒருத்தி யாரிடம் சென்று கேட்பாள்? நாணம் அவளை இரண்டு மூன்று நாள் தடுத்து நிறுத்துகின்றது. கைநழுவ விடலாகாத நாள்களோ அவைதாம்.

உறவு நிகழ்ந்த கணமே கரு உண்டாகிவிடுவதில்லை. ஆணின் விந்தணு பெண்ணுடலில் 5 நாள் வரை உயிரோடிருக்க வல்லது. சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படும்வரை அது காத்திருக்கும். லெவோநோஜெஸ்ட்ரல் என்னும் ஓமோன் 1.5 மில்லிகிராம் கொண்ட அவசரக் கருத்தடைக் குளிசை, முட்டை வெளிப்படுதலைத் தாமதப்படுத்துகின்றது. விந்தணு முட்டையைக் காணாமலே மடிகின்றது. முட்டை முன்னரே வெளிப்பட்டிருப்பின் பயன் மிகக் குறைவு. 'கருக்கலைப்புக் குளிசை' என்று ஊரில் வழங்கும் பேச்சு பிழையானது. கரு தங்கிய பின்னர் இது அதனைக் கலைக்காது.

போஸ்டினோர் என்னும் பெயரால் மருந்துக்கடைகளில் இது கிடைக்கின்றது. (கணவன்மார் சென்று வாங்கி வருவதில் இழுக்கொன்றுமில்லை.) 72 மணித்தியாலத்துள் உட்கொள்ளல் வேண்டும், முந்துந்தோறும் பயன் மிகும். 2 மணித்தியாலத்துள் வாந்தியெடுப்பின் மீண்டும் ஒன்று உண்ண வேண்டும். காசநோய்க்கு றிபம்பிசினோ, வலிப்புக்குச் சிலவகை மருந்துகளோ உண்பவர் அதனை வைத்தியரிடம் கூறுதல் அவசியம். அவை குளிசையின் வலுவைக் குறைக்கும். பாலூட்டுந் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. மாதவிலக்குச் சில நாள் முந்தியோ பிந்தியோ வரலாம்; 3 வாரமாகியும் வராவிடிற் சிறுநீர்ச் சோதனை செய்க.

குளிசையினும் வலியது, நம்மவர் 'லூப்' என்றழைக்கும் கருப்பைச் சாதனம். செம்பு சுற்றிய இதனை 5 நாளுள் கருப்பையில் வைத்துவிடின் நூற்றுவரில் தொண்ணூற்றொன்பதின்மருக்கு மேல் கருவுறார். பின்னரும் 10 ஆண்டு வரை அதுவே காவலாகும்.

இவ்வளவும் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவைக் கலைத்தலை 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் குற்றமென்றே கொள்கின்றது. வாய்ப்பைத் தவறவிட்ட பெண்கள் ஒளிவிடங்களை நாடி உயிருக்கே ஊறு தேடிக்கொள்கின்றனர்.

பலாத்காரத்துக்கு ஆளானவள் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். குளிசை நோய்த்தொற்றைத் தடுக்காது, எச்.ஐ.வி. தொற்றாதிருக்கக் கொடுக்கும் மருந்தையும் 72 மணித்தியாலத்துள்ளேயே தொடங்க வேண்டும்.

ஒன்று மறவற்க: முட்டை தாமதித்ததேயன்றி ஒழிந்துவிடவில்லை. குளிசை உண்ட மறுநாள் கூடினும் கருவுறக்கூடும். ஆதலால் அடுத்த மாதவிலக்கு வரும்வரை ஆணுறை வேண்டும். நிலையான முறை எது தமக்கு ஒக்கும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, 1953 முதல் இப்பணி புரிந்துவரும் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கத்திலோ கேட்டறியலாம்.