பதினொரு டிரா போட்ட எல்லைக்காரர்

சாபா லாஸ்லோ எந்த நாட்டுக்காரர் என்று திருத்தணிக்காரருக்கு விளக்குவது எளிது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போன ஊர் திருத்தணி. ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960இல் திரும்பி வந்தது. முருகன் இருந்த இடத்திலேயே இருந்தார், கோடுதான் நகர்ந்தது.

2020இல் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் பயிற்சியாளராக வந்த லாஸ்லோவின் ஊர்க்கதையும் இதுதான். 1964இல் ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில் பிறந்தவர். ஆனால் அவர் ஊர்க் கடைத்தெருவில் புழங்குவது ஹங்கேரி மொழி. முதல் உலகப்போருக்குப் பின் ருமேனியாவுக்குப் போன பகுதி அது. 1940இல் ஹங்கேரிக்குத் திரும்பி, அடுத்த போர் முடிந்ததும் மறுபடி ருமேனியா. செய்திகளில் அவர் ஒருநாள் ருமேனியர், மறுநாள் ஹங்கேரியர் என்று வருவது இதனால்தான்.

ஆட்டக்காரராக அவர் ருமேனிய நட்சத்திரம் ஹாஜி அல்ல. புடாபெஸ்டில் ஆடிக்கொண்டிருந்தவரை முழங்கால் காயம் உட்கார வைத்துவிட்டது. பெயர் வாங்கியதெல்லாம் பயிற்சியில். 2007இல் அவருடைய உகாண்டா அணி கம்பாலாவில் நைஜீரியாவை 2-1 என்று சாய்த்தது. ஆப்பிரிக்கக் கோப்பை வாய்ப்பு மட்டும் நூலிழையில் நழுவியது. அடுத்து ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ். ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் பங்குபோட்டுக்கொள்ளும் லீக் அது. மற்றவர்களுக்கு மூன்றாமிடம்தான் முதலிடம். 2008-09இல் அதைப் பிடித்தார். கால்பந்து எழுத்தாளர்கள் அவரையே ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2010 ஜனவரியில் அதே கிளப் அனுப்பிவிட்டது. இந்தத் தொழில் அப்படி.

சென்னையில் அவருக்கு முன்பிருந்த ஓவன் காயில் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோயிருந்தார். லாஸ்லோ வந்தது கொரோனா ஆண்டில். முதல் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 2-1 என்று வென்றார்கள். பிறகு கேப்டன் கிரிவெல்லாரோ காயத்தில் விழ, கோல் அடிக்க ஆளில்லாமல் போயிற்று. 20 ஆட்டங்களில் 3 வெற்றி, 6 தோல்வி, 11 டிரா. பதினொரு டிராவுக்கும் சேர்த்துக் கிடைத்தது 11 புள்ளி. நாலே வெற்றி 12 தந்திருக்கும். பதினொரு அணிகளில் எட்டாமிடம். சீசனோடு வேலையும் போனது.

கொரோனாவால் அந்த சீசனின் எல்லா ஆட்டங்களும் கோவாவில், பூட்டிய மைதானங்களில் நடந்தன. திருத்தணியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அணியின் சொந்த மைதானமான நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். அங்கே லாஸ்லோவின் அணி ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.