வட்டம் வட்டமாகவே விழ...

எம்பிராய்டரி மெஷின் வாங்கியதும் எழும் முதல் ஆசை, போனில் உள்ள படத்தை அப்படியே துணியில் இறக்கிவிட வேண்டும் என்பது. ஆனால் மெஷினுக்குப் படம் புரியாது. ஊசி அடுத்து எங்கே குத்த வேண்டும், நூலை எங்கே நிறுத்தி நிறம் மாற்ற வேண்டும் என்ற கட்டளைகள்தான் புரியும். படத்தைக் கட்டளைகளாக மாற்றும் வேலைக்கு டிஜிட்டைசிங் என்று பெயர்.

பல மென்பொருள்களில் இதற்கு 'ஆட்டோ' வசதி உண்டு. கற்கும்போது அதைத் தொடாதீர்கள் என்பேன். நிறங்களை அது பிரித்துவிடும். தையல் எந்தத் திசையில் ஓடினால் அழகு, எதன் மேல் எது வர வேண்டும் என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். திரையில் கச்சிதமாக இருக்கும். துணியில் முட்டை வடிவமாக வரும். தையல் ஓடும் திசையில் நூல் துணியை உள்ளே இழுப்பதுதான் காரணம். அதை ஈடுகட்ட, அந்தத் திசையில் வடிவத்தைச் சற்று நீட்டிவைக்கும் அமைப்பு 'புல் காம்பன்சேஷன்'. மேல்தையலுக்கு முன் துணியைப் பிடித்துநிறுத்தும் மெல்லிய அடித்தையல் 'அண்டர்லே'. இந்த இரண்டும் கைவந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நீளும் துணிக்கு அடியில் ஃப்யூசிங் எனும் ஒட்டுத்துணி இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

அடுத்தது நெருக்கம். வழக்கமான 40-ம் எண் நூலுக்கு வரிசைகளின் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. போதும். நெருக்கினால் பளபளப்பு கூடும் என்று நினைத்துக் குறைத்தால் துணி அட்டைபோல் விறைக்கும், நூல் அறும். விளிம்பிலிருந்து விளிம்புக்கு நெருக்கமாக ஓடும் சாட்டின் தையல் 7 மி.மீ.க்கு மேல் அகலமானால் வளையலில் மாட்டி இழுபடும். அங்கே நிரப்புத் தையலுக்கு மாறுங்கள்.

செலவில்லாமல் தொடங்க இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளும் அதனுடன் சேரும் இங்க்/ஸ்டிச்சும் போதும், இரண்டும் இலவசம். பிரதர் மெஷினுக்கு பிஇஎஸ், ஜனோமுக்கு ஜேஇஎஃப் என்று கோப்பு வகையைப் பார்த்துச் சேமியுங்கள். மூல வரைபடக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். அளவை மாற்ற அதுதான் உதவும். தையல் கோப்பை இழுத்துப் பெரிதாக்கினால் நெருக்கம் கெடலாம்.

பிறகு தமிழ் எழுத்துக்கு வாருங்கள். 'ண' நல்ல பயிற்சி. சுழிகள் அடைபடாமல் இருக்க எழுத்தைப் பெரிதாக வையுங்கள். சிறிதாகத்தான் வேண்டுமென்றால் சாட்டினை விட்டு ஒற்றை ஓட்டுத்தையலில் எழுதுங்கள். ரவிக்கையில் போடுமுன், அதே துணியின் வெட்டுத்துண்டில் ஒருமுறை தைத்துப் பாருங்கள்.