முற்றம் உள்ளவர்க்கு ஒரு விலை, இல்லாதவர்க்கு ஒரு விலை

வண்டி எதுவாயினும் அதற்குத் தீனி வேண்டும். மாட்டு வண்டிக்கு வைக்கோலும் புண்ணாக்கும். மோட்டார்க் காருக்குப் பெற்றோல். இக்காலத்து மின்சாரக் காருக்கு மின். மின்சாரக் கார் புகை கக்குவதில்லை, இரைச்சல் இடுவதில்லை என்று அதன் பெருமையைப் பலரும் பேசக் கேட்கின்றோம். அதற்குரிய மின் எங்கே கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும், அதனைப் பெறுவது எளிதோ என்று வினவுவோர் சிலரே. ஆயினும் ஒரு குடும்பத்தின் வரவு செலவைத் தொடுவன இவ்வினாக்களேயாம். இவற்றுக்கு விடை காணப் பிரித்தானியாவின் அனுபவம் பெரிதும் துணை செய்யும்.

முதலில் அளவையை விளங்கிக்கொள்வோம். நமது வீட்டு மின்சாரப் பட்டியலிற் காணும் ‘அலகு’ என்பதே காருக்கும் அளவையாகும். ஆயிரம் வாற்று மின்னழுத்தி ஒன்று ஒரு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தாற் செலவாகும் மின் ஓர் அலகு. இதனைக் கிலோவாற்று மணி என்பர். சாதாரண மின்சாரக் கார் ஓர் அலகுக்கு மூன்று முதல் நான்கு மைல் வரை ஓடும். நாற்பது அலகு ஏற்றினால் ஏறத்தாழ 140 மைல் செல்லலாம்; யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குள்ள தூரத்திற் பாதிக்குச் சற்று அதிகம். அந்நாற்பது அலகையும் ஏற்ற வீட்டிலுள்ள 7 கிலோவாற்றுக் கருவிக்கு ஆறு மணி நேரம் வேண்டும். நெடுஞ்சாலையோரத்து 50 கிலோவாற்றுக் கருவிக்கு ஒரு மணி நேரமளவு போதும்.

விலை தெரியாத கடைகள்

பிரித்தானியாவின் நெடுஞ்சாலைத் தரிப்பிடங்களில் எக்கோட்ரிசிட்டி என்னும் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் மின்னேற்றும் கருவிகளை அமைக்கத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு வரை அங்கு மின் இலவசமாகவே வழங்கப்பட்டது. பின்னர் நிறுவனங்கள் பல பெருகின. அவற்றோடு குழப்பமும் பெருகியது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி அட்டையும், கைத்தொலைபேசிக்குத் தனிச் செயலியும் வைத்திருந்தது. ஒன்று அலகுக் கணக்கிற் காசு வாங்கிற்று. ஒன்று நிமிடக் கணக்கில் வாங்கிற்று. மற்றொன்று இணைப்புக் கட்டணமும் மாதச் சந்தாவும் கேட்டது.

அரிசியை ஒரு கடைக்காரர் கொத்துக் கணக்கிலும், அடுத்தவர் நாம் கடையில் நிற்கும் நேரக் கணக்கிலும், வேறொருவர் வாசலிலே நுழைவுக் கட்டணம் பெற்றும் விற்பாராயின், எது மலிவு என்று எவர் கூறவல்லார்? வேறு கடையை நாடிச் செல்லுதற்கு வண்டியில் மின் எஞ்சியிராத நிலையில், கேட்ட விலையைக் கொடுப்பதன்றி வேறு வழியும் இல்லை.

சட்டம் செய்த நன்மை

இக்குறையை நீக்க, 2023ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அலகு ஒன்றுக்கு இத்தனை பென்ஸ் என்று விலையைத் தெளிவாகக் காட்டுதல் வேண்டும். மின்னேற்றம் தொடங்கிய பின் விலையைக் கூட்டுதல் ஆகாது. ஓராண்டு கழிந்தபின், 8 கிலோவாற்றும் அதற்கு மேலும் வலுவுள்ள புதிய பொதுக் கருவிகளும், 50 கிலோவாற்றும் அதற்கு மேலும் உள்ள பழைய கருவிகளும் சாதாரண வங்கி அட்டையைத் தொட்டுக் காசு செலுத்த இடமளித்தல் வேண்டும். இடர்ப்பட்டோர் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கத் தொலைபேசி உதவியும் வேண்டும்.

50 கிலோவாற்றுக்குக் குறையாத கருவிகள் நூற்றுக்கு 99 பங்கு நேரம் பழுதின்றி இயங்குதல் வேண்டும் என்பது மற்றொரு விதி. இங்கே மாணவர் ஒன்றை நோக்குதல் நன்று. இந்த 99 என்பது ஒரு நிறுவனத்தின் கருவிகள் அனைத்திற்கும் ஓராண்டிற் கண்ட சராசரி. ஆகவே நூறு கருவிகளில் ஒன்று ஆண்டு முழுவதும் பழுதாய்க் கிடப்பினும், ஏனையவை நன்கு இயங்குமாயின் விதி மீறப்பட்டதாகாது. அந்த ஒரு கருவியையே நம்பியிருக்கும் சிற்றூராருக்குச் சராசரியால் யாது பயன்?

கணக்கு காட்டும் உண்மை

விலை இப்போது கண்ணுக்குத் தெரிகின்றது. தெரிந்த விலை நியாயமானதோ? 2025ஆம் ஆண்டு நிலவரப்படி நாற்பது அலகுக்குரிய செலவைப் பார்ப்போம். வீட்டிலே இரவு நேரச் சலுகை விலை அலகுக்கு ஏறத்தாழ 7 பென்ஸ். செலவு 2 பவுண் 80 பென்ஸ். வீதியோரத்து மெதுவான கருவியில் ஏறத்தாழ 54 பென்ஸ். செலவு 21 பவுண் 60 பென்ஸ். விரைவான கருவியில் ஏறத்தாழ 76 பென்ஸ். செலவு 30 பவுண் 40 பென்ஸ். அதே 140 மைலைப் பெற்றோற் கார் ஒன்று ஏறத்தாழ 21 அல்லது 22 பவுணுடன் கடந்துவிடும்!

சொந்த முற்றத்திற் காரை நிறுத்தக்கூடியவர் மலிவு விலையிற் பயணம் செய்கின்றார். மாடிக் குடியிருப்பிலும், வாசல் நேரே வீதியில் திறக்கும் வரிசை வீடுகளிலும் வாழ்பவரோ அதனிற் பலமடங்கு கொடுக்கின்றார். வரியும் இவ்வேற்றுமையை வளர்த்தது. வீட்டு மின்னுக்குப் பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 5. பொதுவிடத்து மின்னேற்றத்துக்கு 20 என 2021ஆம் ஆண்டில் வரித் திணைக்களம் தெளிவுபடுத்தியது.

நிறுவனங்களின் பக்கத்தையும் கூறாமல் விடுதல் முறையன்று. நிலத்துக்கு வாடகை, மின்மாற்றி, தடித்த மின்வடம், மின் வலையமைப்புக்குரிய நிலையான கட்டணம் ஆகிய அனைத்தும் அவர்கள் தலைமேல் உள்ளன. கருவி வெறுமனே நிற்கும் நேரத்துச் செலவையும், அதனைப் பயன்படுத்துவோரிடமிருந்தே அவர்கள் ஈட்ட வேண்டியிருக்கின்றது.

பரிகாரங்களும் தோன்றியுள்ளன. இலண்டன் வீதிகளில் விளக்குக் கம்பங்களிலேயே மின்னேற்றும் துளைகள் பொருத்தப்பட்டுள்ளன. நடைபாதையிற் சிறு வாய்க்கால் அமைத்து, அதனூடே வீட்டு மின்வடத்தைக் காருக்குக் கொண்டுசெல்லும் முறைக்கு 2025ஆம் ஆண்டில் அரசாங்கம் இரண்டரைக் கோடி பவுண் ஒதுக்கியது. முற்றம் இல்லாதவருக்கும் வீட்டு விலையிலேயே மின் கிடைக்கச் செய்வதால் இவ்வழி பாராட்டத்தக்கது.

2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் நம் நாட்டிலும் தனியார் கார் இறக்குமதிக்கு வழி திறந்தபின், மின்சாரக் கார்கள் நம் வீதிகளுக்கும் மீண்டும் வரத் தொடங்கின. வாங்க எண்ணுவோர் காரின் விலையோடு மற்றொன்றையும் விசாரித்தல் வேண்டும். இரவில் அதனை எங்கே நிறுத்துவோம்? அவ்விடத்தில் ஓர் அலகு என்ன விலை? விளம்பரத் தாளிற் காணாத இவ்விரண்டுக்கும் விடை தெரிந்த பின்பே காசை எண்ணிக் கொடுத்தல் நன்று.